நான்கு தடக் கசெட்டில் ஒரு நாடு

1982இன் அமெரிக்கப் பொருளாதார மந்தம் பற்றிப் படிக்கேக்க நாங்கள் மனனம் செய்தது ஒரு எண்ணைத்தான்: அந்த வருடம் செப்டெம்பரில் வேலையின்மை 10.1 வீதம். பரீட்சைக்கு அது போதும். ஆனா வேலை போன ஒருத்தர் இரவில என்ன யோசிச்சிருப்பார் எண்டு அந்த எண் சொல்லாது. அதே செப்டெம்பர் 30ஆம் திகதி வெளிவந்த ஒரு அல்பம் அதைச் சொல்ல முயன்றது. அது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’.

அப்போது அவர் புதுப் பாடகர் இல்லை. 1980இல் வந்த ‘த ரிவர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. ஆனால் 1982 ஜனவரியில், நியூ ஜேர்சியில் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், கிற்றாரையும் ஹார்மோனிக்காவையும் வைத்துக்கொண்டு நான்கு தடங்களில் பதியும் சின்னக் கசெட் இயந்திரம் ஒன்றில் தனியாகப் பாடினார். தன் ரொக் குழுவுக்குப் போட்டுக் காட்டத்தான் அந்தப் பதிவு. பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றும் அவருக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் அந்தக் கசெட்டே இசைத்தட்டானது.

அதில் ‘ஜொனி 99’ என்றொரு பாட்டு. நியூ ஜேர்சியின் மாவா நகரிலிருந்த ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. பாட்டில் வருபவன் மாவாவில் வேலை இழந்தவன். வேறு வேலை கிடைக்கவில்லை. குடிவெறியில் ஒருவரைச் சுட்டு, 99 வருடத் தண்டனை வாங்குகிறான். நீதிபதியிடம் தன் கடனைப் பற்றியும் வீட்டைப் பறிக்க நிற்கும் வங்கியைப் பற்றியும் சொல்கிறான். அதற்காகத் தான் நிரபராதி என்று அவன் வாதாடவில்லை.

சுவாரசியம் என்னண்டா, ‘போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.’ பாட்டும் முதலில் இதே கசெட்டில்தான் இருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் கதை அது. 1984இல் குழுவின் முழு முழக்கத்தோடு வந்தபோது பலருக்கு அது தேசபக்திப் பாட்டாகவே கேட்டது. அந்த வருடத் தேர்தல் பிரசாரத்தில் ஜனாதிபதி ரேகன் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களை நம்பிக்கையின் குரலாகப் புகழ்ந்தார். சில நாட்களில் பிற்ஸ்பேர்க் மேடையில், ஜனாதிபதிக்குப் பிடித்த அல்பம் எதுவாயிருக்கும், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்று நையாண்டி செய்துவிட்டு, ஸ்பிரிங்ஸ்டீன் ‘ஜொனி 99’ பாடினார்.

பாட்டு சாட்சியம் இல்லைத்தான். ஜொனி கற்பனை ஆள்; பாடியவரும் அப்போது வேலையில்லாதவர் இல்லை. ஆனா இந்த அல்பத்தைக் கேட்ட பிறகு 10.1 வீதம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக எங்களால முடியேல்ல. அந்த எண்ணுக்குள்ள மாவாவும் இருக்கு.