அடுப்படியில் ஒரு தீபாவளி, ரயிலில் ஒரு புத்தாண்டு

சீனாவின் குவாங்சோ நகரத்தில் எங்கள் வீட்டு வேலைக்கு உதவியாக வந்த பெண்மணியை என் மகள் "ஆயி" என்று கூப்பிடுவாள். சீனத்தில் அது அம்மா வயதுப் பெண்களைக் கூப்பிடும் பொதுச்சொல். சித்தியும் அதில் அடக்கம். திருநெல்வேலியிலிருந்து வீடியோவில் அதைக் கேட்ட என் அம்மா திகைத்துப் போனாள். "ஆயின்னா பெத்தவளையில்லா சொல்லுவாவ?" என்றாள்.

அந்த ஆயியைப் பெற்றவள் என்று கூப்பிட வேண்டிய பெண் குழந்தை குவாங்சோவில் இல்லை. குய்சோ மாநிலத்தின் ஒரு மலைக்கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்துகொண்டிருந்தது. ஆயியின் கணவருக்குப் பக்கத்து நகரமான ஃபோஷானில் தரை ஓடு சுடும் தொழிற்சாலையில் வேலை. நானும் மனைவியும் மகளும் 2019 ஆகஸ்டில் போய் ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தோம். ஆக, அந்த ஒன்பதாம் மாடி வீட்டுக்குள் நடமாடிய எல்லாருமே வெளியூர்க்காரர்கள். எங்களுக்கு விசா, அவருக்குச் சொந்த ஊரோடு கட்டிய குடும்பப் பதிவு என்பதுதான் வேறுபாடு. இந்த இரண்டு குடும்பங்களும் பண்டிகை கொண்டாடிய விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஒரு தவிப்பு. எல்லை தாண்டி வந்த நாங்கள்தான் அதிகம் இழந்தவர்கள் என்று முதலில் நினைத்திருந்தேன். அது அவ்வளவு எளிதான கணக்காக இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். சீனாவின் தேசிய நாள் விடுமுறை பெரும்பாலும் அக்டோபர் 1 முதல் 7 வரை, சில ஆண்டுகளில் 8 வரை. அந்த ஒரு வாரத்துக்குள் தீபாவளி வரவே வராது. அதன் காலம் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான். நாங்கள் அங்கே கண்ட ஆறு தீபாவளிகளில் மூன்று சனி ஞாயிறாக அமைந்துவிட்டன. 2021, 2022, 2024 மூன்றும் வேலை நாள். பள்ளியின் விடுப்புப் படிவத்தில் உடல்நலம், குடும்பக் காரணம் என இரண்டே கட்டங்கள். பண்டிகைக்கு எதில் குறி போடுவது என்று மனைவி கேட்டாள். ஒரு வருடம் குடும்பக் காரணத்தில் போட்டோம். பிறகு மகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்று தேர்வு.

அதனால் எங்கள் தீபாவளி விடியற்காலை ஐந்து மணிக்குள் ஒடுங்கியது. சீன நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஐந்து என்றால் ஊரில் இரவு இரண்டரை. எண்ணெய் தேய்த்து, குளித்து, மஞ்சள் தடவிய புதுத்துணி உடுத்தி, விளக்கேற்றி, மேலே சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏழு மணிக்கு மகள் பள்ளிப் பேருந்தில் ஏறும்போதுதான் திருநெல்வேலியில் அவளுடைய ஆச்சி கங்காஸ்நானத்துக்கு வெந்நீர் காய வைத்துக்கொண்டிருப்பாள். ஊர் விழிக்கும் முன்பே எங்கள் பண்டிகை முடிந்துவிடும்.

ஆனாலும் சடங்கில் ஒன்றையும் விட்டதில்லை. சீனக் கடை எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. கறுத்து, வாசம் தூக்கலாக, சமையலில் சில சொட்டு விடுவதற்கானது. அதைத் தலையில் தேய்த்தால் அன்று முழுக்க நூடுல்ஸ் கடை வாசம் அடிக்கும். ஆகவே நல்லெண்ணெய் ஊரிலிருந்தே வந்தது. முறுக்கு உழக்கும் வந்தது. முதல் வருடம் மனைவி அரிசிமாவு என்று வாங்கியது பசையரிசி மாவு. உறைகளில் எழுத்துதான் வேறு, மாவு இரண்டும் வெள்ளை. பிழிந்த முறுக்கு எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானது. மறுநாள் ஆயி சரியான உறையைத் தேடி வாங்கி வந்து, அந்த எழுத்தைக் காகிதத்தில் பெரிதாக எழுதி அடுக்களையில் ஒட்டினார். ஆறு ஆண்டும் அந்தக் காகிதம் அங்கேயே இருந்தது.

பொங்கலுக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாநிலத்துக் கடைகளில் கிடைக்கும் பலகை வெல்லம் நம் அச்சு வெல்லத்துக்கு நெருங்கிய உறவு. வடகிழக்குச் சீனத்துக் குட்டை அரிசி நன்றாகக் குழையும். கரும்போ அங்கே அதே பருவத்தில் தெருவுக்குத் தெரு நிற்கும். பக்கத்து மாநிலமான குவாங்ஸிதான் சீனாவின் சர்க்கரைக் கிடங்கு. பொங்கலை ஒட்டிய வாரங்களில்தான் பெரும்பாலும் அவர்களுடைய பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாள் வரும். அன்று அரிசி, பயறு, கொட்டை, சீன இலந்தை எல்லாம் போட்டு லாபா கஞ்சி காய்ச்சுவார்கள், கோயில்களிலும் ஊற்றுவார்கள். புத்தர் ஞானம் அடைந்த நாளாக அதைக் கொள்வதும், சுஜாதை அவருக்குக் கொடுத்த பால்சோற்றை அதனோடு சேர்த்துச் சொல்வதும் வழக்கம். எங்கள் பால் பொங்கி வழிவதைப் பார்த்த ஆயி, "லாபா கஞ்சியா?" என்று கேட்டதில் தவறு இல்லை.

2025 பொங்கல் ஜனவரி 14. அன்றுதான் சீனாவில் அவ்வருடத்துச் சுன்யுன் தொடங்கியது. சுன்யுன் என்பது வசந்தவிழாப் பயணக் காலம், நாற்பது நாள். பால் பொங்கியபோது குலவையிட நாங்கள் கூப்பிட்டோம். ஆயி கைப்பேசித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊருக்கான ரயில் சீட்டு கிடைக்குமா கிடைக்காதா என்ற தவிப்பில் இருந்தார்.

அவர் பக்கத்துக்கு வருகிறேன். குவாங்சோவுக்கும் குய்சோவின் தலைநகரான குய்யாங்குக்கும் அதிவேக ரயில் 2014 டிசம்பரில்தான் வந்தது. 857 கிலோமீட்டர், நாலைந்து மணி நேரம். அதற்கு முன்பு கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ரயிலில். சீட்டு கிடைக்காத வருடங்களில் ஆயியும் கணவரும் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார்கள். அவர்கள் மட்டுமில்லை. பனிமழையில் பிளாஸ்டிக் கோட்டு போட்டு, மூட்டையைப் பின்னால் கட்டி, ஆயிரக்கணக்கான வண்டிகள் குவாங்தோங்கிலிருந்து மேற்கே மலைகளை நோக்கி வரிசையாகப் போவதை அந்நாட்களில் சீனத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் காட்டினார்கள். வழியில் ஊசோ நகரத்தில் இஞ்சிக் கஷாயம் கொடுப்பார்களாம். அந்த இஞ்சிச் சூட்டை ஆயி சொல்லும்போது இன்னும் தொண்டையில் இருப்பது போலச் சொல்வார்.

இத்தனை பாடுபட்டுப் போய் அங்கே என்ன செய்வார்கள்? நான் சடங்குகளை எதிர்பார்த்துக் கேட்டேன். அடுப்புச்சாமியை வழியனுப்பும் பூசை உண்டா, அவர் வாயில் இனிப்பு தடவுவது உண்டா? "பாட்டி காலத்தில் இருந்தது" என்றார். வெடி? இப்போது பல இடங்களில் தடை. குவாங்சோ நகரம் 1992லேயே நிறுத்திவிட்டது. கதவில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள். தொலைக்காட்சியில் 1983 முதல் நடக்கும் புத்தாண்டுக் கலைநிகழ்ச்சி ஓடும். பாதிப்பேர் அதையும் பார்ப்பதில்லை. சிவப்பு உறைப் பணம்கூட 2014க்குப் பிறகு வீசாட் செயலியில் விரல் தட்டலாகிவிட்டது. "அப்புறம் என்னதான் பண்டிகை?" என்று கேட்டேன். ஆயிக்கு என் கேள்வியே புரியவில்லை. "சாப்பாடு. எல்லாரும் இருக்கணும்" என்றார்.

எனக்கு வெளிச்சம் வந்த இடம் இது. அவர்கள் சடங்கை விட்டுவிட்டார்கள், கூடுவதை விடவில்லை. நாங்கள் சடங்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம்; கூடுவதை ஊரில் விட்டுவிட்டோம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வழிபாடுகளை மூடத்தனம் என்று ஒதுக்கிய அரசியல் இயக்கங்கள் அங்கே ஒரு தலைமுறையின் கையிலிருந்து பூசைத்தட்டைப் பறித்தன. 1967இல் வசந்தவிழா விடுமுறையையே நிறுத்தினார்கள். அது திரும்பி வரப் பத்தாண்டுக்கும் மேலானது. அரசால் எடுக்க முடியாதது புத்தாண்டுக்கு முந்தைய இரவுச் சாப்பாடு ஒன்றுதான். பிறகு வந்தது பிரிவு. ஊரில் பிறந்தவரை ஊர்ப் பதிவோடு கட்டிவைக்கும் குடும்பப் பதிவு முறை 1958 முதல் உண்டு. நகரத்தில் வேலை கிடைக்கும். குழந்தைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். அதனால் பெற்றவர்கள் குவாங்சோவிலும் ஃபோஷானிலும், பிள்ளை குய்சோவில். வேளாண்மையை விட்டு வேறு தொழிலுக்குப் போன நாட்டுப்புறத்தார் தொகை அந்த நாட்டில் இன்று ஏறத்தாழ 30 கோடி. வருடத்தில் 350 நாள் பிரிந்திருப்பவர்களுக்கு ஒரு மேசையில் சேர்ந்து உட்காருவதைவிட வேறு என்ன பூசை வேண்டும்?

விடுமுறையும் சும்மா கிடைப்பதில்லை. 2025இல் வசந்தவிழாவுக்கு எட்டு நாள் தொடர் விடுமுறை. ஆனால் அதற்கு முந்தைய ஒரு ஞாயிறும் பிந்தைய ஒரு சனியும் வேலை நாள். இந்த மாற்றுவேலை முறையை அங்கே எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்கிறார்கள். எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது. ஆயி போன்றவர்களுக்கோ தொடர்ச்சியாக எட்டு நாள் இல்லையென்றால் மலைக்கிராமம் எட்டாது.

அந்த எட்டு நாள் எங்களுக்கும் விடுமுறைதான்; பண்டிகை இல்லாத விடுமுறை. புத்தாண்டுக்கு முந்தைய மூன்று நாள் குவாங்சோவின் பூச்சந்தைகளில் பீச் மரக் கிளையும் சின்ன ஆரஞ்சுச் செடியும் தூக்கிக்கொண்டு கூட்டம் நெரியும். புத்தாண்டு அன்று நகரம் வெறிச்சோடும். காய்கறிக் கடை பூட்டு, தையல்காரர் பூட்டு. நாங்கள் மூவரும் காலியான சாலைகளில் நடப்போம்.

அந்த வெறுமையில் எதிர்வீட்டுக் கன்டோனியப் பாட்டியின் கதவு ஒன்று மட்டும் திறந்திருந்தது. மகள் அவரைப் "போபோ" என்பாள். முதல் வருடம் புத்தாண்டுக் காலையில் நல்ல நாளாயிற்றே என்று மகளைத் தலைக்குக் குளிப்பாட்டி ஈரமுடியோடு வாழ்த்துச் சொல்ல அனுப்பினோம். போபோ பதறிப் போனார். புத்தாண்டு முதல் நாளில் தலை கழுவினால் வருகிற செல்வம் நீரோடு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை; வீடு பெருக்குவதும் இல்லை. நமக்குத் தலைமுழுக்கு இல்லாமல் பண்டிகையே தொடங்காது. நாங்கள் பதில் மரியாதையாகப் பேரனுக்கு 101 யுவான் உறையில் வைத்துக் கொடுத்தோம். அதிலும் தவறு. ஒற்றைப்படை அங்கே சாவுவீட்டுக் கணக்கு, நல்லதற்கு இரட்டைப்படை. மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைத்தால் உறவு வளரும் என்று நாம் எண்ணுகிறோம். எதுவும் ஜோடியாக வந்தால்தான் நன்மை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். போபோ அந்த ஒரு யுவானை எடுத்து என் மகள் கையில் வைத்து மூடினார். கோபமில்லை, கை சூடாக இருந்தது என்று மகள் சொன்னாள்.

வேறுபாடுகளுக்கு நடுவே ஓர் இடத்தில் இரண்டு நாட்காட்டிகளும் ஒரே நாளில் வந்து நின்றன. 2020 முதல் 2024 வரை ஐந்து ஆண்டுகளும் தை அமாவாசையும் அவர்களுடைய புத்தாண்டுக்கு முந்தைய நாளும் ஒன்றாகவே வந்தன. அமாவாசை முடிகிற நொடி விழும் நாளை அவர்கள் புது மாதத்தின் முதல் நாளாக எண்ணுகிறார்கள். நாம் அதற்கு முந்தைய திதியை முன்னோருக்கு வைத்திருக்கிறோம். நான் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த அதே பகலில், எதிர்வீட்டில் போபோ கணவரின் படத்துக்கு முன்னால் முழுக்கோழியும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாசலும் திறந்திருந்தன. இருவருமே பேசவில்லை.

நாட்காட்டி பற்றி இன்னொரு நினைவு. 2023 அக்டோபர் விடுமுறையில் சுவான்சோ போனோம். கடற்கரை வணிக நகரம். கைய்யுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறத் தூண்கள் இரண்டில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர்களின் சிவன் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் கற்கள். அந்தச் சிவன் கோயிலைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாள் குறித்த விதம்தான் என்னை உலுக்கியது: சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். குப்ளாய் கானின் ஆட்சியில், சீன நாட்காட்டி சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்க, சம்பந்தப்பெருமாள் என்ற ஒருவர் தன் ஊர் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எங்களைப் போலவே அவரும் சடங்கைத்தான் கப்பலில் ஏற்றியிருக்கிறார். அவருடைய ஆச்சி எந்த ஊரில் காத்திருந்தாளோ.

எங்களிடம் கப்பலை விட விரைவான வழி இருந்தது, அதுவும் தடங்கலானதே. சீனாவில் வாட்ஸப் முடக்கம். 2020 ஜூனில் இந்தியா வீசாட்டைத் தடை செய்தது. அம்மாவின் கைப்பேசியும் என்னுடையதும் பேசிக்கொள்ள ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதாவது ஒரு செயலியை அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. தொற்றுக் காலத்தில் நின்ற நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 அன்றுதான் மறுபடி கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்குப் பறந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு ஆறு நாள் பிந்தி. நாங்கள் அதற்குள் மூட்டை கட்டி ஊருக்கு வந்துவிட்டோம்.

சடங்கு, கூடுவது இரண்டில் எந்தப் பாதி கனமானது என்று கேட்டால், என் மனதில் ஆயியின் பாதிதான் கனம். முறுக்கு உழக்கை யார் வேண்டுமானாலும் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகலாம். எட்டு நாளுக்காக மலைச்சாலையில் நனைந்துகொண்டு போவதற்கு உறவின் மேல் வேறு மாதிரி வெறி வேண்டும். ஆனால் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஐந்து மணிக்கு எழுந்து எண்ணெய் வைத்த கை என்னுடையது. அந்த எண்ணெய் வாசம் இல்லையென்றால் உங்கள் மகளுக்கு ஆச்சி யாரென்றே தெரிந்திருக்காது" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2025 ஜனவரி 28, புத்தாண்டுக்கு முந்தைய இரவு. ஆயி ஊரிலிருந்து வீசாட்டில் அழைத்தார். மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர்; புகையில் காய்ந்த பன்றி இறைச்சி, மீன், மலைக்கீரை. ஆயி கைப்பேசியை ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டே போனார். அவருடைய மகள் மட்டும் முகம் கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு வருடத்தில் எட்டு நாள் அம்மா. எங்கள் மேசையில் மூன்று தட்டு. ஆயியின் மாமியார் ஏதோ கேட்டார். குய்சோ வழக்கு எங்களுக்குப் புரியவில்லை. ஆயி பொதுச்சீனத்தில் மாற்றிச் சொன்னார்: "உங்கள் பாட்டி எப்போது சாப்பிட வருவார் என்று கேட்கிறார்கள்."

என் மகள் நாலாவது தட்டு ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.