இருட்டில் கேட்ட குரல்

1924 ஜனவரி. லண்டன் தேம்ஸ் நதிக்கரையை ஒட்டிய சவாய் ஹில் கட்டடத்தில் இயங்கிய பி.பி.சி.க்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. முந்தைய ஆண்டு ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தையே முழுசாக ஒலிபரப்பிப் பார்த்திருந்தார்கள். ஆனால் மேடைக்கு எழுதியது மேடைக்குத்தான். உள்ளே வந்தது யார், முகம் சுளித்தது யார் என்று வீட்டில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 15 அன்று ஒலிபரப்பாகவிருந்த நாடக நிகழ்ச்சியைத் தயாரிக்கும் பொறுப்பு, நாடகக்காரர் நைஜல் பிளேஃபேரிடம் வந்தது. காதுக்கென்றே ஒரு நாடகம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ரிச்சர்ட் ஹியூஸ் என்ற 23 வயது எழுத்தாளரைப் பிடித்தார். ஹியூஸ் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

கேட்பவருக்குக் கண் தெரியாது, அதுதானே சிக்கல்? கதாபாத்திரங்களுக்கும் கண் தெரியாமல் செய்துவிட்டார் அந்த இளைஞர்! வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம். சுற்றிப்பார்க்க வந்த ஓர் இளம் ஜோடி, ஒரு முதியவர். திடீரென விளக்குகள் அணைகின்றன. வெடிச்சத்தம். வெள்ளம் ஏறுகிறது. இதைவிடப் பொருத்தமான களம் கிடைத்திருக்குமா என்று இன்று யோசித்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆனால் ஒத்திகையில் எல்லாமே சொதப்பியது.

சுரங்கத்தின் எதிரொலி கிடைக்கவில்லை. வரவேற்பறைப் பேச்சு போலவே இருந்தது. நடிகர்கள் வாளிக்குள் தலையை விட்டுப் பேசினார்கள். தூரத்தில் பாடும் சுரங்கத் தொழிலாளர்கள் வேண்டும். வேலையிழந்து லண்டன் தெருக்களில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த வேல்ஸ்காரர்களையே அழைத்து வந்தார்கள். அவர்களோ பாடத் தொடங்கினால் நிறுத்துவதாக இல்லை. தாழ்வாரத்தில் நிறுத்தி, வேண்டும்போது கதவைத் திறந்து, வேண்டாதபோது சாத்தினார்கள். மிஞ்சியது வெடிச்சத்தம்தான். காகிதப் பையை ஊதி உடைத்தாலே ஃபியூஸ் போய்விடும் என்று கைவிரித்தார்கள் பொறியாளர்கள்.

வெடி இல்லாமல் சுரங்க விபத்தா? அதுவும் பத்திரிகைக்காரர்கள் தனி அறையில் உட்கார்ந்து கேட்கப்போகிற நாளில்! பிளேஃபேர் பழுத்த நாடகக்காரர். அந்த அறைக்கு அடுத்த அறையிலேயே நிஜமாக வெடிக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

அன்றிரவு நேயர்களிடம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். சுரங்கத்தில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஒரே இருட்டில். அடுத்த அறை வெடி சுவரைத் தாண்டிக் கேட்க, ஒலிபெருக்கியில் வந்த சத்தம் என்றே நம்பினார்கள் நிருபர்கள்.

‘டேஞ்சர்’ என்ற அந்தக் குறுநாடகம்தான் பிரிட்டனில் வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 1954 ஜனவரியில், அதே பி.பி.சி.யில் ஒலித்தது டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’. வேல்ஸின் லார்ன் என்ற சிற்றூரில் ஹியூஸோடு பழகிய நண்பர்தான் தாமஸ். அவருடைய நாடகமும் ஓர் இரவின் இருட்டில்தான் தொடங்கியது.