சவரக்கத்தியின் வாய்

சவரக்கத்தியைத் தீட்டுவதும் துடைப்பதும் எண்ணெய் பூசுவதும் ஐரோப்பாவில் நெடுங்காலம் நாவிதரின் பொறுப்பாகவே இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பொறுப்பு வீடுகளுக்குள் வரத் தொடங்கியதற்கு எஃகு ஒரு முக்கியக் காரணம். ஷெஃபீல்டு அருகே ஹாண்ட்ஸ்வொர்த்தில் குடியேறிய கடிகாரத் தொழிலாளி பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், கடிகாரத்துக்கு ஏற்ற நல்ல வில் தேடி, 1740களில் எஃகைக் களிமண் மூசையில் உருக்கிப் பார்த்தார். அதுவரை கிடைத்த எஃகில் கரி சீராகப் பரவியிருக்காது; ஊடே கசடும் ஓடும். கசடு ஓடிய இடத்தில் கத்தி வாய் பொரிந்துவிடும். உருக்கிய எஃகில் கசடு பிரிந்து போனதால், வாயை முன்பைவிட மெல்லியதாகச் சாணை பிடிக்க முடிந்தது. 1769இல் பாரிஸின் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே, தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று தனி நூலே எழுதினார்.

மூசையில் எஃகு உருக்குவது தென்னிந்தியாவுக்குப் பழகிய தொழில். 1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய, வூட்ஸ் எனப்படும் அந்த இந்திய மூசை எஃகு லண்டனின் ராயல் சொசைட்டியை எட்டியது. அதை அடித்துப் பார்த்த கத்திக் கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அதற்கு இணையான எஃகை உருவாக்க முயன்றார். அந்த ஆய்வில் பிறந்த கலப்பு எஃகு ஒன்றில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே பல ஆண்டுகள் நண்பர்களுக்குப் பரிசளித்து வந்தார். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த எஃகும் அந்த ஆய்வின் விளைவுதான்.

எஃகு எவ்வளவு நல்லதானாலும் கத்தியின் ஆயுள் பராமரிப்பில்தான் இருந்தது. முதல் வேலை கல்லில் தீட்டுவது. பெல்ஜியத்தின் வியெல்சால்ம் பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல் இதற்குப் பேர்போனது. அதில் நிறைந்துள்ள நுண்ணிய கார்னெட் மணிகள்தான் எஃகை அராவுகின்றன. கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படும்படி கிடத்தி, வாய் முன்னே செல்ல இழுக்க வேண்டும். முதுகின் தடிமனே சாணையின் கோணத்தை நிர்ணயித்துவிடும். கை பழகாதவர்கூடக் கோணம் தவறாமல் தீட்ட வழிசெய்யும் அருமையான அமைப்பு இது. தீட்டி முடித்ததும் நனைந்த கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கிக்கொண்டு போனால் கூர் போதாது. எங்காவது தடுக்கினால் பிசிறோ பொரிந்த இடமோ இருக்கிறது.

கல் எப்போதாவதுதான் தேவைப்படும். தோல்வார் அன்றாடம் தேவை. வாரில் திசை மாறும்: முதுகு முன்னே, வாய் பின்னே. கோடியை எட்டியதும் கத்தியை முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் தோலும் அறுபடும், கூரும் மழுங்கும். லண்டனின் ஜார்ஜ் பேக்வுட் 1790களில் தன் தோல்வாருக்காகச் செய்த விளம்பரங்கள், 1796இல் புத்தகமாகவே தொகுக்கப்படும் அளவுக்குப் பெயர் பெற்றன. இத்தனை பராமரித்தும் கூர் போகத்தான் செய்யும். முடியைவிடப் பல மடங்கு கடினமான எஃகு முடியை வெட்டியே கூர் இழப்பது ஏன் என்பதற்கு 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் விடை கண்டனர். எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளையும் முடி சாய்வாக அழுத்தும்போது வாய் சில்லு சில்லாக உதிர்கிறது.

துரு இன்னொரு பகை. வாய் மிக மெல்லியது என்பதால் லேசான துருவே கூரைத் தின்றுவிடும். ஆகவே சவரம் முடிந்ததும் நுரையைக் கழுவி, துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, கைப்பிடியில் ஆணி அடித்த இடுக்கில் தேங்கும் ஈரத்தையும் ஒற்றியெடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வைப்பார்கள். வசதி உள்ளவர்கள், கிழமைப் பெயர் பொறித்த ஏழு கத்திகள் அடங்கிய பெட்டி வைத்திருந்தார்கள். கத்திக்கு ஓய்வு கொடுத்தால் கூர் மீளும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. நன்றாக உலர நேரம் கிடைத்ததே உண்மையான பயன் எனலாம். செல்லுலாய்டு கைப்பிடிகள் வந்தபோது வேறொரு சிக்கலும் வந்தது. நாள்பட்டுச் சிதையும் செல்லுலாய்டு அமில ஆவியை வெளியிட, மடித்து வைத்த கத்தி கைப்பிடிக்குள்ளேயே அரித்துப்போகும்.

இத்தனை வேலையையும் தேவையற்றதாக்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட். தூக்கி எறியும் மெல்லிய பிளேடுக்கு அவர் 1904இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஜில்லெட் ரேசர்கள் வழங்கப்பட, ஊர் திரும்பியவர்களோடு அந்தப் பழக்கமும் வீடு வந்தது. 1960களில் துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் பரவின.

தமிழ்நாட்டு முடிதிருத்தகங்களில் கல்லும் வாரும் இன்னும் சில காலம் நீடித்தன. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட பின், ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது குறித்த அச்சம் வலுத்தது. கைப்பிடியின் வடிவம் பழையபடியே இருக்க, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் வழக்கம் பரவியது. கிருமிநாசினியில் கழுவ மிஞ்சியது அந்தக் கைப்பிடி மட்டுமே.