பத்து வரியில் ஒரு சிறு சமூகம்



யூபிலி மலர் என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆயர் பெருமகனாரின் ஆசியுரை, பங்குத் தந்தையரின் பெயர்ப் பட்டியல், ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள், மணி வாங்கிய ஆண்டு, நன்கொடையாளர் வரிசை. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாளை ஒரு கலைக்களஞ்சியத்தார் நம்மிடம் வந்து, "உங்கள் சமூகத்துக்குப் பத்து வரி ஒதுக்கியிருக்கிறோம், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால், அந்தப் பத்து வரியில் எதைச் சேர்ப்போம்? எதை விடுவோம்?

இக்கேள்வியைக் கேட்கக் கொங்கு நாட்டாருக்குத் தனி உரிமை உண்டு. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902-லும், சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-லும் வெளிவந்து வழிகாட்டின. பின்னர் நாடு விடுதலை பெற்ற காலத்தில், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியாகத் தமிழ்க் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கினார். அவர் திருப்பூரைச் சேர்ந்தவர். கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930-ல் நிறுவியவர். தலைமைப் பதிப்பாசிரியராக உழைத்த பெரியசாமித் தூரன், மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர். முதல் தொகுதி 1954-லும் பத்தாவது தொகுதி 1968-லும் வெளிவந்தன. உலக அறிவையெல்லாம் அகர வரிசைப்படுத்திய அதே கைதான், வயலிலும் களத்திலும் பாடப்பட்ட நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'காற்றில் வந்த கவிதை' என்ற நூலாகவும் தந்தது. ஏட்டில் ஏறாதவர் குரலும் அறிவே என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

கலைக்களஞ்சியத்தில் இடம் குறைவு. பெரிய நாட்டுக்குப் பல பக்கம் கிடைக்கும். சிறு சமூகத்துக்குச் சில வரியே கிடைக்கும். பெரிய நாட்டைப் பற்றி ஒரு வரி பிழையானால் அடுத்த பக்கம் அதைத் திருத்திவிடும். சிறு சமூகத்தைப் பற்றி ஒரு வரி பிழையானாலோ, உலகுக்கு அதுவே அவர்களின் முகமாகிவிடும். ஆகவேதான் சிறியவரைப் பற்றி எழுதுகிறவருக்குப் பெரிய பொறுப்பு உண்டு.

இதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. நீலகிரி மலை 1868-ல் தனி நிர்வாகம் பெறும் வரை கோயம்புத்தூர் ஜில்லாவோடு இணைந்திருந்தது. அம்மலையில் வாழும் தோடர் இன்றும் எண்ணிக்கையில் மிகச் சிறிய மக்கள். அவர்களைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதிய ஐரோப்பியர் ஓர் இயேசு சபைக் குரு. அவர் பெயர் பெனிச்சியோ. பண்டைய கிறிஸ்தவர் சிலர் அம்மலை மேல் வழிதவறி வாழ்கிறார்கள் என்ற பேச்சு மலையாளக் கரையில் உலவியது. அவர்களைத் தேடி 1603-ல் அவர் மலையேறினார். அங்கே கண்டது கிறிஸ்தவர்களை அல்ல. எருமைகளையும், எருமைப் பாலோடு பிணைந்த ஒரு வழிபாட்டையும், அதற்குரிய பூசாரியையும், அயலில் வாழ்ந்த படகரையும் கண்டார். தாம் தேடி வந்தது அங்கே இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை, கண்டதையே எழுதினார். ஆசைப்பட்டதை எழுதாமல் கண்டதை எழுதுவது, வரலாறு எழுதும் எவருக்கும் முதல் பாடமாகும்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அம்மக்களிடையே தங்கி, குடும்பம் குடும்பமாக வமிசாவளி கேட்டெழுதி, 1906-ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பெனிச்சியோ எழுதியதன் மொழிபெயர்ப்பும் அதன் பின்னிணைப்பில் உண்டு. தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் தோடருக்கு இடம் கிடைத்தது. ஆனால் இப்பெரு நூல்கள் சிறு குறிப்புகளாகச் சுருங்கியபோது நடந்தது என்ன? ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்ற பழைய வழக்கமே பெரும்பாலும் முன்வரிசையில் நின்றது. படிப்பவருக்கு வியப்பூட்டுவது எதுவோ அதுவே அவர்களின் அடையாளமாயிற்று. அவர்கள் தம் வாழ்வின் சுகதுக்கங்களையெல்லாம் பாட்டாகக் கட்டுகிறவர்கள் என்பது, எமனோ என்ற மொழியறிஞர் தோடர் பாடல்களை 1971-ல் பெரு நூலாக்கிய பிறகே வெளியுலகில் தக்கபடி தெரியலாயிற்று. அவர்கள் பெண்களின் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பு குறிப்பு எழுதியவர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்வதற்கில்லை. மெய்தான் எழுதினார்கள், ஆனால் எந்த மெய்யை முதலில் வைப்பது என்பதில் தவறினார்கள்.

சில இடங்களில் இத்தவறு வெறும் மனத்தாங்கலோடு நின்றுவிடவில்லை. 1871-ல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பினாலேயே திருடர் என்று ஏட்டில் எழுதப்பட்ட சமூகங்களின் ஆண்கள் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியவர்களானார்கள். 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது. சட்டம் போன பின்னும் பழி போகப் பல தலைமுறை பிடித்தது. ஏட்டில் ஏறிய ஒரு வரி ஒரு குழந்தையின் தலையெழுத்தாகவே ஆகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் திருச்சபைக்கு வருவோம். கோவை மறைத்தளம் 1850-ல் புதுவையிலிருந்து பிரிந்து அப்போஸ்தலிக்க விகாரியத்தாயிற்று. 1886-ல் மறைமாவட்டமாக உயர்ந்தது. 1846-ல் ஆயரான மரியோன் பிரெசிலாக் ஆண்டகை அதன் முதல் தலைவர். மலபார் சடங்குகள் பற்றிய வாதத்திலும், அதனுள் அடங்கியிருந்த சாதிப் பழக்கங்களிலும் தெளிவான முடிவு காணாது மனச்சான்று உறுத்தவே, அவர் 1855-ல் பதவி துறந்தார். 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859-ல் பிரீடவுன் நகரில் காய்ச்சலால் உயிர் நீத்தார்.

களஞ்சியங்களில் இவ்வளவும் கிடைக்கும். ஆண்டுகளும் ஆயர்களும் கிடைப்பார்கள். ஊர் ஊராக நடந்து ஜெபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் கிடைக்க மாட்டார். ஆலயத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்த தாய்மார்கள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் பெயர் வேறோர் இடத்தில் இருக்கிறது. திரிதெந்தின் திருச்சங்கம் 1563-ல் இட்ட கட்டளைப்படி பங்குகளில் பேணப்படும் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே அவை. அங்கே பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே மையில், ஒரே அளவு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லாமல் விட இயலாது. தமிழகத்தின் பல பங்குகளில் ஆலயத்துக்குள் தனித்தனி இடமும் கல்லறையில் தனித்தனிப் பகுதியும் இருந்தன. விழா மலரில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று நல்லெண்ணத்தோடே சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் புனித மத்தேயுவைக் காட்டுவேன். அவர் நம் ஆண்டவரின் வமிசாவளியைச் சுருக்கமாகத்தான் எழுதினார். இடமோ குறைவு, ஆயினும் தாமாரையும் இராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் அவர் விடவில்லை. பேரரசனான தாவீதின் பாவத்தையும் மறைக்கவில்லை. தேவ மைந்தனின் குடும்ப வரலாற்றிலேயே அவமானத்துக்கு இடம் உண்டென்றால், நம் வரலாற்றில் இல்லாமற் போகுமோ?

மேலும், 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் இனத்தாராகக் கொள்ளப்படுவதில்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அவ்வுரிமை கிடைத்தது. நம் சகோதரருக்கு இன்னும் கிடைக்கவில்லை. தங்களுக்குள் வேற்றுமையே இருந்ததில்லை என்று நம் மலர்களில் நாமே அழகுபட எழுதிவிட்டு, அவர்களுக்காக நீதி கேட்க எந்த முகத்தோடு போவோம்? இந்திய ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் இருக்கும் தீண்டாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதைப் பங்கு மலர் மறைப்பது முறையன்று.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா? கூடாது. இன்ன வீட்டுப் பெண் இன்னாருடன் போனாள், இன்னார் கடனில் மூழ்கினார் என்பது ஒரு குடும்பத்தின் காயம். அது ஊரின் வரலாறாகாது. தனி மனிதரின் குறையை மூடுவது அன்பு. சமூகமாய்ச் செய்த குறையை மூடுவது பொய். இவ்விரண்டையும் பிரித்தறிவதே எழுதுவோரின் விவேகம்.

ஆகவே நமக்குப் பத்து வரி கிடைத்தால் நான்கு காரியங்களைக் கவனிப்போம். முதலாவது, சான்று உள்ளதை மட்டும் எழுதுவோம். வாய்மொழிச் செய்தியை வாய்மொழி என்றே குறிப்போம். இரண்டாவது, பிறர் நமக்கு இட்ட பெயரால் அல்ல, நாம் நம்மை அழைக்கும் பெயரால் எழுதுவோம். மூன்றாவது, பிறர் வியப்பதை அல்ல, நம்மை வாழவைத்ததை முதலில் வைப்போம்: சோளக்காட்டிலும் பஞ்சாலையிலும் உழைத்துக் களைத்த பின்னும் மாலையில் குடும்ப ஜெபமாலை சொன்ன விசுவாசம் அது. நான்காவது, நம்மில் மிகச் சிறியவர் இதைப் படித்தால், "ஆம், நானும் இதில் இருக்கிறேன்" என்று சொல்லக் கூடுமா என்று பார்ப்போம்.

இயேசு செய்தவற்றையெல்லாம் எழுதினால் உலகமே கொள்ளாது என்று கூறித்தான் அருளப்பர் தம் நற்செய்தியை முடிக்கிறார். எழுதாமல் விட்டவை இன்னும் உண்டு என்று சொல்லும் தாழ்மை அவருக்கு இருந்தது. நமக்கும் அது வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய திருமண ஓலையோ, பள்ளிச் சான்றிதழோ, மங்கிய நிழற்படமோ இருந்தால் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். பாட்டிமார் அறிந்த பாட்டையும் ஜெபத்தையும் அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அடுத்த யூபிலிக்கு மலர் எழுத வரப்போகிறவர்களுக்கு அதுவே நாம் விட்டுச்செல்லும் செல்வம்.

வாழ்வின் புத்தகத்தில் எல்லார் பெயரையும் எழுதி வைத்திருக்கும் இறைவன், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை