பேர் வாங்கிய காளைகள்

2019 ஜனவரி 20. விராலிமலை அம்மன்குளம் திடலில் அன்று அவிழ்த்துவிடப்பட்ட காளைகள் 1,354. பிடிக்க இறங்கிய வீரர்கள் 424 பேர். அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்த அந்த ஜல்லிக்கட்டு உலக சாதனை என்று அறிவிக்கப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த இருவர் அதே நாளில் மாடு குத்தி இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சாதனையை எழுதவேண்டும்.

கணக்குப் பார்த்தால் ஆளுக்கு மூன்று காளைக்கு மேல் வருகிறது. இந்த வட்டாரத்து ரசிகர்களின் நினைவிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கம் பழைய ஜல்லிக்கட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் வருவது மாட்டின் பேர். அடுத்தது அது எந்த ஊர் மாடு என்பது. பிடித்தவன் பேர் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

உலகத்தில் மற்ற பெரும்பாலான ஆட்டங்களில் இப்படி இல்லை. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு இருக்கும் வெறியை நம் ஊர்த் தேர்தலோடுதான் ஒப்பிடமுடியும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் 1990-ல் கரீம் அப்துல் ஜப்பாரின் 33-ஆம் எண்ணுக்கும் பில் வால்டனின் 32-ஆம் எண்ணுக்கும் ஓய்வு கொடுத்தது. அங்கே இனி அந்தச் சட்டையை யாரும் போடமுடியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் சேர்த்து யார் பெரிய ஆட்டக்காரர் என்று பட்டியல் போடுவது அந்த ரசிகர்களுக்குத் தீராத பொழுதுபோக்கு. விராலிமலையிலும் அப்படியொரு பட்டியல் உண்டு. அதில் பாதிக்கு மேல் நாலு கால்.

ஆளைவிட மாட்டை முன்னே வைக்கும் இந்த வழக்கம் பழையது. சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியில் ஏறு தழுவும் களம் விரிவாக வருகிறது. அங்கே காளைகளை நிறத்தாலும் புள்ளியாலும் நெற்றிச் சுட்டியாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார் புலவர். கரியது எது, வெள்ளை எது, சிவலை எது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மேலே பாய்கிறவர்களோ வெறும் 'பொதுவர்'. ஆயர் குலத்து இளைஞர்கள் என்பதற்கு மேல் ஒருவர் பேரும் கிடைப்பதில்லை.

மனிதன் பேர் கிடைப்பது அவன் செத்தால்தான். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. கருவந்துறை என்ற இடத்தில் எருது விளையாடி மாண்ட சங்கன் என்பவருக்கு அவர் மகன் நட்ட கல் அது. கல்லில் காளையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான், எழுத்தும் இருக்கிறது. காளையின் பேர் மட்டும் இல்லை. தகப்பனைக் கொன்ற மாட்டின் பேரை மகன் எதற்குப் பொறிக்கவேண்டும்? சி.சு.செல்லப்பா தன் 'வாடிவாசல்' குறுநாவலில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டார். அப்பனைக் குத்திய காளையைப் பிடிக்க வரும் மகனுக்குப் பிச்சி என்று பேர், காளைக்குக் காரி என்று பேர். படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்குப் பிச்சி முதலில் ஞாபகம் வருகிறான் என்பது வேறு விஷயம்.

எந்தக் காளை பேர் வாங்குகிறது? இதில் ரசிகர்களின் அளவுகோல் கறாரானது. காளைகள் வெளியே வரும் வாடிவாசலைத் தாண்டியதும் ஒரே ஓட்டமாக ஓடி மறையும் மாட்டை யாராலும் பிடிக்கமுடியாமல் போகலாம். அதற்கும் பரிசு உண்டு. ஆனால் அதற்குக் கைதட்டல் குறைவு. நின்று விளையாடும் மாடுதான் மனசில் நிற்கிறது. வெளியே வந்ததும் சுற்றிப் பார்க்கும். முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். ஒருவன் கிட்டே வந்தால் வட்டமடித்துத் திரும்பும். ஐந்து நிமிடம் திடலைத் தன் கையில் வைத்திருந்துவிட்டு, போதும் என்று தோன்றும்போது தானாகவே கிளம்பிப் போகும். அப்படிப்பட்ட மாட்டைக் கண்டால் நேற்றுவரை திமிலைத் தேடிப் பாய்ந்தவர்களும் தடுப்பின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வர்ணனையாளர் மைக்கில் "தொட்டுப் பாரு" என்று சீண்டுவார். யாரும் தொடமாட்டார்கள்.

இதற்குப் பின்னால் வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. குளத்தில் நீச்சல், காலையில் நடை, மண் குவித்துக் கொம்பால் குத்தவிட்டுப் பழக்குவது, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறவைத்துக் கொடுப்பது என்று அந்த வேலை நீளும். உழவுக்கோ வண்டிக்கோ இந்த மாட்டைக் கட்டுவதில்லை. பல வீடுகளில் தண்ணி காட்டுவதும் தடவிக் கொடுப்பதும் பெண்கள்தான். திடலில் முந்நூறு பேரை மிரட்டிய மாடு வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிடித்த கயிற்றுக்குப் பின்னால் போகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த ஆட்டத்துக்கு மதம் பிரித்துப் பார்க்கமுடியாது. கோயில் திருவிழாவுக்கும் ஜல்லிக்கட்டு உண்டு, மாதா கோயில் திருவிழாவுக்கும் உண்டு. கந்தர்வகோட்டைப் பக்கத்தில் தச்சங்குறிச்சி விண்ணேற்ற அன்னை ஆலயத்தை ஒட்டி, பொங்கலுக்கும் முன்னால் ஜனவரி தொடக்கத்தில் நடப்பதுதான் வழக்கமாக மாநிலத்தின் முதல் ஜல்லிக்கட்டு. விராலிமலைக்கு அருகே ஆவூர் பெரியநாயகி மாதா திருவிழாவிலும் வாடிவாசல் திறக்கும். எங்கே நடந்தாலும் முதலில் வருவது அந்த ஊர்ச் சாமி மாடு. அதை யாரும் பிடிப்பதில்லை.

அண்மைக் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரிய நட்சத்திரம் கொம்பன். அப்போது சுகாதாரத் துறை அமைச்சராகவும் விராலிமலை எம்.எல்.ஏ.வாகவும் இருந்த சி.விஜயபாஸ்கரின் காளை. பிடிபடாத மாடு என்று பேரெடுத்திருந்தது. 2018 பிப்ரவரியில் தென்னலூர் வாடிவாசலில் பாய்ந்து வந்த வேகத்தில் கட்டையில் தலை மோதி விழுந்தது, பிழைக்கவில்லை. அமைச்சர் வீட்டு மாடு என்பதால்தான் அந்தச் செய்தி சென்னைவரை போனது என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் அமைச்சர் வீட்டு மாடு என்பதற்காக வாடிவாசலில் எவனும் கையை எடுத்துக்கொள்ளமாட்டான்.

கொம்பன் போனாலும் பேர் போகவில்லை. அதே வீட்டில் கருப்புக் கொம்பன் என்று ஒரு காளை இருந்தது. 2023 மே மாதம் வடமலாப்பூர் ஜல்லிக்கட்டில் அதுவும் வாடிவாசலில் அடிபட்டு, சிகிச்சை பலிக்காமல் இறந்தது. கூடைப்பந்தில் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். இங்கே பேரை அடுத்த காளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் இது இயல்புதான். மாட்டைக் கொண்டாடுவதில் நாம் மட்டும் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க ரோடியோ களத்தில் மேலேறியவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியெறிந்த போடேஷியஸ் என்ற காளையை, இனி இது ஆபத்து என்று 1995-ல் ஆட்டத்திலிருந்தே நிறுத்தினார்கள். 1999-ல் ரோடியோ வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் அதற்கும் இடம் கிடைத்தது.

மனிதர்களின் பேர் ரசிகர் பட்டியலில் ஏறியதற்குக் காரணம், விந்தையாக, சட்டம். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். 21-ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. மறுநாளே இலுப்பூருக்குப் பக்கத்தில் ராப்பூசலில் காளைகள் அவிழ்க்கப்பட்டன. அங்கேயும் இரண்டு உயிர் போனது. அதன் பிறகு நெறிமுறைகள் இறுகின. மருத்துவப் பரிசோதனை, இணையத்தில் பதிவு, சுற்றுக்கு ஒரு நிறத்தில் பனியன், பனியனில் எண். எண் வந்ததும் எண்ணிக்கை வந்தது. யார் எத்தனை மாடு பிடித்தார் என்று அன்று சாயங்காலமே மாநிலம் முழுக்கத் தெரிந்துபோனது.

இப்படித்தான் அலங்காநல்லூரில் 2022-ல் 21 காளைகளைப் பிடித்த கருப்பாயூரணி கார்த்திக்கும், 2023-ல் 26 காளைகளைப் பிடித்த பூவந்தி அபிசித்தரும் விராலிமலை வரைக்கும் ரசிகர்களைச் சம்பாதித்தார்கள். 2024-ல் இருவரும் நேருக்கு நேர். கார்த்திக் 18, அபிசித்தர் 17. ஒரே ஒரு மாட்டில் முதல் பரிசான கார் கைமாறியது. அபிசித்தர் முடிவை ஏற்கவில்லை. 2025-ல் 20 காளைகளோடு மீண்டும் முதலிடத்துக்கு வந்தார். ஒரு தலைமுறைக்கு முன்னால் வேட்டியும் அண்டாவும் பரிசாக வாங்கிப்போனவர்களுக்கு இப்படியொரு கணக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்களில் எத்தனை கார்த்திக், எத்தனை அபிசித்தர் இருந்தார்களோ!

காளைக்கு இந்தக் கணக்கு இன்னும் வரவில்லை. 2022-ல் அலங்காநல்லூரின் சிறந்த காளையாகத் தேர்வானது புதுக்கோட்டையை அடுத்த கைக்குறிச்சி மாடு. அது நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அதனால்தான் வீரர்களைப் பற்றிய வாக்குவாதம் இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. காளைகளைப் பற்றிய வாக்குவாதம் அடுத்த தச்சங்குறிச்சி வரைக்கும் ஓடுகிறது.