அவளே பதில் சொல்ல வேண்டும்

1662இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது அதில் ஒரு புதிய சடங்கைச் சேர்த்தது. வயதுவந்தவர்களுக்கான ஞானஸ்நானம். அதுவரை அதற்குத் தேவை இருக்கவில்லை. பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். புதிய சடங்கு எதற்கு என்று முன்னுரையிலேயே காரணம் சொல்லியிருக்கிறார்கள்: கலகக் காலத்தில் ஞானஸ்நானம் இல்லாமலே வளர்ந்துவிட்டவர்களுக்காக, கடல் தாண்டிய குடியேற்றங்களின் சுதேசிகளுக்காகவும். சென்னையில் கோட்டை எழும்பி அப்போது இருபது ஆண்டுகள்தான் கடந்திருந்தன.

குழந்தை ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோர் பதில் சொல்வார்கள். இந்தச் சடங்கில் அவர்கள் வெறும் சாட்சிகள். ஸ்நானம் பெறுகிறவரே வாய் திறக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பாவது பேராயருக்குத் தகவல் போக வேண்டும், போதுமான உபதேசம் பெற்றிருக்கிறாரா என்று சோதிக்க வேண்டும், ஜெபத்தோடும் உபவாசத்தோடும் ஆயத்தமாக வேண்டும். அன்றைக்கு நான்கு கேள்விகள் கேட்கப்படும். அவற்றில் ஒன்று, இந்த விசுவாசத்தில் ஞானஸ்நானம் பெற உனக்கு விருப்பமா என்பது. மணமேடையில்கூட நம் பெண்களிடம் விருப்பத்தைக் கேட்டவர்கள் குறைவு. பெண்ணிய வாசகியாக எனக்கு இந்தச் சடங்கில் பிடித்த இடமும் உறுத்துகிற இடமும் இதுதான். கேள்வி அவளிடம்தான் கேட்கப்படுகிறது. ஆனால் அவள் சொல்லும் பதில் செல்லுமா என்பதை யார் முடிவுசெய்தார்கள்?

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் குளோரிந்தா. தஞ்சை மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் கணவனை இழந்த கோகிலா, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழத் தொடங்கினார். வேதமும் ஜெபமும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். ஞானஸ்நானம் வேண்டும் என்று தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸிடம் கேட்டார். சுவார்ட்ஸ் லுத்தரன்; ஆனால் அவரை வைத்துத் தாங்கியது லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம். மணமாகாமல் ஓர் ஆணோடு வாழ்கிறவளுக்கு முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். திருமணம் செய்துகொள்ள வேண்டியவர் அந்த அதிகாரி. கதவு அடைபட்டது கோகிலாவுக்கு. லிட்டில்டன் தன் சொத்தை அவருக்கு விட்டுவிட்டு இறந்துபோனார். அதன் பிறகு, 1778இல், பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். கோகிலா குளோரிந்தா ஆனார்.

1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தாவுடையது. அந்தச் சபைக்கு ஒரு உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூர்வரை போய்க் கேட்டவரும் அவர்தான். அப்படி வந்தவர் சத்தியநாதன். அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். பெயரை மாற்றியும் சாதி அடையாளம் போகவில்லை பாருங்கள். அ. மாதவையா 1915இல் அவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார்.

குளோரிந்தாவின் துணிச்சலைப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவரைத் தடுக்க யாரும் மிச்சமில்லை. கணவன் இல்லை, சேர்ந்து வாழ்ந்தவர் இல்லை, பிறந்த சாதி ஏற்கெனவே தள்ளிவைத்தாகிவிட்டது, கையில் சொத்து இருந்தது. அதனால்தான் பதிவேட்டின் முதல் வரியில் அவரால் நிற்க முடிந்தது. நம் திருச்சபை வரலாறுகள் பெரும்பாலும் பதிவேடுகளை வைத்து எழுதப்படுகின்றன. பதிவேட்டில் இருப்பவர்கள், வீட்டை விட்டு வரமுடிந்த பெண்கள் அல்லது மொத்தக் குடும்பத்தோடும் ஊரோடும் வந்த பெண்கள். இடையில் சிக்கியவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடைக்காது.

இன்னொன்று. ஞானஸ்நானத்துக்குப் பின் பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பது திடப்படுத்தல். அது ஆன பிறகுதான், அல்லது அதற்கு ஆயத்தமாக இருந்தால்தான், நற்கருணை. இந்தியாவுக்கென்று ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர் நியமிக்கப்பட்டதே 1814இல்தான், அதுவும் கல்கத்தாவில். சென்னைக்குத் தனிப் பேராயர் 1835இல். பாளையங்கோட்டையில் குளோரிந்தா ஆலயம் எழுப்பிய நாட்களில் திடப்படுத்தக் கைவைக்க நாட்டிலேயே ஒரு ஆங்கிலிக்கன் பேராயர் இல்லை.

பிறகு அமைப்பு வந்தது. விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனைகள் மூன்றும் மனப்பாடம். அவற்றை விளக்கும் வினாவிடையும் மனப்பாடம். முதல் வினா பெயரைக் கேட்கும். இரண்டாவது அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்கும்; ஞானப்பெற்றோர் என்று பதில் சொல்ல வேண்டும். குழந்தையில் ஸ்நானம் பெற்றவர்களுக்காக எழுதியதை, பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்த பெண்களும் ஒப்பித்தார்கள். மேலானவர்களுக்குப் பணிந்து நடப்பதும், தனக்கு அமைந்த நிலையில் கடமையைச் செய்வதும் அதே வினாவிடையில் கற்பிக்கப்பட்டன. பண்ணையில் நாள் முழுக்கக் குனிந்துவிட்டு ராத்திரி வகுப்புக்கு வந்த பெண்ணுக்கு அந்தப் பாடம் புதிதாக இருந்திருக்காது.

சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? உபதேசியாரின் மனைவி, வேதாகம ஸ்திரீ. ஆண்கள் நுழைய முடியாத அடுக்களைகளுக்கும் கொல்லைப்புறங்களுக்கும் நடந்துபோய், எழுத்தறியாதவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றியவர்கள் இவர்கள். திருநெல்வேலியில் ஏமி கார்மைக்கேலோடு ஊர் ஊராகச் சுற்றிய பொன்னம்மாளும் ஓர் இளம் விதவை. ஆயத்தம் செய்வித்த உழைப்பு பெண்களுடையது. சோதித்ததும் தண்ணீர் ஊற்றியதும் கைவைத்ததும் ஆண்கள்.

சோதனை வினாவிடையோடு நிற்கவுமில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், சாதியை விடாதவருக்கு ஞானஸ்நானம் கூடாது என்று தீர்மானித்தார்கள். லுத்தரன்கள் மட்டும் ஒப்பவில்லை. சாதியை விட்டுவிட்டாரா என்று அறிய அவர்கள் கண்ட வழி சாப்பாடு: பறையர் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். இதை நான் குறை சொல்லமாட்டேன். இன்றைக்கும் பெண்கள் கூட்டங்கள் பலவற்றில் இந்தச் சோதனையை வைக்கலாம். ஆனால் யாருடைய ஆயத்தம் சோதிக்கப்பட்டது என்று பாருங்கள். சமைத்த பெண்ணின் கை அங்கே ஓர் அளவுகோல் மட்டும்.

மணமான பெண்ணுக்கு இன்னொரு சிக்கல். அவள் ஸ்நானம் பெற்று, அதனால் கணவன் தள்ளிவைத்தால் என்ன ஆகும்? 1866இல் வந்த சட்டத்தின்படி, மதம் மாறியதற்காக ஆறு மாதம் கைவிடப்பட்டவர் நீதிமன்றம் போகலாம். ஓராண்டு ஒத்திவைத்த பிறகு திருமணத்தை ரத்துசெய்யலாம். மனைவியும் மனுப்போட முடிந்தது என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் பிள்ளைகளுக்கு இயல்பான காப்பாளன் தகப்பன்தான் என்று சட்டம் கருதிய காலம் அது. சிவகாசியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாடார் குடும்பத்துப் பெண்கள் சிலர் இந்து வீட்டில் இந்து மனைவியாகவே இருந்துகொண்டு, ஸ்நானம் பெறாமல், இயேசுவை வணங்கிவந்தார்கள். எலைசா கென்ட் என்ற ஆய்வாளர் இந்த 'ரகசியக் கிறிஸ்தவர்'களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயத்தத்தில் குறை இல்லாமலே பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன் வேப்பேரியும் ஸ்காட்லாந்து மிஷன் வேரூன்றிய ராயபுரமும் ஒரே சபையாயின. 1976இல் முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றார். 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானபோது, பேராயரின் கை என்பது ஒரு பெண்ணின் கையாகவும் இருக்கலாம் என்றானது.

நான் முகத்துவாரக்குப்பத்துக்காரி. கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற இடம். வயதுவந்த பெண்களுக்கான ஆயத்த வகுப்பில், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாடத்தை வாசித்துக்காட்டும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்கிறேன். காசிமேட்டு ஏலத்துக்கு விடியுமுன் போய், விற்று முடித்துத் திரும்புகிறவர்களுக்கு ஏற்ப வகுப்பு மாலையில்தான். மனப்பாடம் இவர்களுக்குப் பெரிய காரியமில்லை. யார் எத்தனை கூடைக்குப் பாக்கி என்பதை மாதக்கணக்கில் தலையில் வைத்திருப்பவர்கள். 2023 டிசம்பரில் முகத்துவாரத் தண்ணீரில் எண்ணெய் படிந்து கிடந்தபோது ஒரு அக்கா, "நல்லவேளை, நம்ம சபையில முக்கி எடுக்க வேணாம், தலையில ஊத்தினா போதும்" என்றார். வகுப்பே சிரித்தது.

ஒரே பாயில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பட்டினவர். தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்ற இடத்தில், மதம் மாறியவர்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஸ்நானத்தால் அவர் சான்றிதழ் மாறாது. இன்னொருவர் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர். பழங்குடி என்ற தகுதிக்கு மதம் தடையில்லை. மூன்றாமவர் ஆதிதிராவிடர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியரைச் சேர்த்தது 1956இல், பௌத்தரை 1990இல். கிறிஸ்தவரானால் இவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பட்டியல் சாதிப் பெண்களுக்கான வார்டில் நிற்க முடியாது. யாராவது சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. தண்ணீர் ஒன்றுதான், இவர் மட்டும் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. சடங்கு நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1662இல் பேராயருக்குச் சொன்ன மாதிரி. மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் சிறைத் தண்டனை மூன்றாண்டிலிருந்து நான்காண்டாகவும், அபராதம் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகவும் கூடும். பாதுகாப்பு என்றார்கள். வளர்ந்த பெண்ணைச் சிறுவரோடு ஒரே வரியில் நிறுத்திவைத்தது அந்தப் பாதுகாப்பு: தான் விரும்பியதைத்தான் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியாது என்பது போல. 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அதே மாதிரிச் சட்டங்கள் வேறு மாநிலங்களில் இருக்கின்றன.

மூன்றாமவர் வகுப்புக்கு வந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. பாடம் முழுக்கத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். பெயர் கொடுக்கவில்லை. "பொண்ணு காலேஜ் சேந்துரட்டும்மா" என்கிறார். மகள் பதினொன்றாவது படிக்கிறாள்.