யவனர் முதல் சோனகர் வரை

கணினியில் பழங்காலப் போர் விளையாட்டுகளை விரும்பி ஆடும் இளைஞர் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் உண்டு. அவர்களுள் வரலாற்று நாட்டம் மிக்கவர்க்கு ‘யூரோப்பா பார்பரோரம்’ என்னும் பெயர் அறிமுகமாகியிருக்கும். 2004இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டை ஆர்வலர் பலர் கூடி, கூலி கருதாமல், நூல்களைத் துருவிப் படித்துத் திருத்தியமைத்த ‘மோட்’ அது. ஆட்டம் கி.மு. 272இல் தொடங்குகிறது. வீரர்கள் தத்தம் தாய்மொழியிலேயே முழங்குகிறார்கள். நாடுகளும் தத்தம் மக்கள் இட்ட பெயரிலேயே வலம்வருகின்றன. கார்த்தேசு அங்கே ‘புதுநகர்’ எனப் பொருள்படும் தன் சொந்தப் பெயரைத் திரும்பப் பெறுகிறது. ஆர்மீனியா ‘ஹயஸ்தான்’ ஆகிறது. நம் சென்னையிலோ ஆர்மீனியர் வாழ்ந்த தெருவின் பெயர், மக்கள் நாவில் புரண்டு ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆகிவிட்டது! ஒரு பெயர் யார் வாயில் பிறக்கிறதோ அவர்கள் செவியின் சாயலை ஏற்கும் என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டுமா?

சொல்லன்பராகிய நீங்கள் இங்கே ஒன்று கேட்கலாம்: அவ்வாட்டத்தில் வேழங்களோடும் நெடுவேல்களோடும் அணிவகுக்கும் கிரேக்கரை நம் முன்னோர் என்னவென்று அழைத்தனர்? அவர்கள் தங்களை ஹெல்லேனர் என்றனர். ‘கிரேக்கர்’ உரோமர் வழக்கிலிருந்து ஐரோப்பிய மொழிகளின் வழியே நம்மிடம் வந்தது. சங்கப் புலவர் வாயில் வழங்கியதோ ‘யவனர்’.

இன்றைய துருக்கியின் மேலைக் கடற்கரையில் வாழ்ந்த கிரேக்கக் கிளையினர் அயோனியர். அவர்தம் பழம்பெயரில் வகரம் ஒன்று ஒலித்தது, ‘இயாவோனர்’ என்பதுபோல. கிழக்கேயிருந்து வந்த பாரசீகர் முதலில் கண்டது இக்கிளையினரையே ஆதலால், கிளையின் பெயரே இனம் முழுமைக்கும் ஆகி, தாரயவுசு மன்னனின் கல்வெட்டுகளில் ‘யௌன’ என நின்றது. அதுவே வடமொழியில் ‘யவன’, பாகதத்தில் ‘யோன’. லவணம் லோணமானதும் இதே ஒலிநெறியில்தான். அசோகனின் பாறைக் கல்வெட்டு ஒன்று யோன அரசன் அந்தியோகனையும், துரமாயன், அந்திகினி முதலியோரையும் குறித்து, அதே மூச்சில் சோழரையும் பாண்டியரையும் குறிக்கிறது. விளையாட்டில் நாம் நடத்தும் செலூக்கியர், தொலமியர், மாசிடோனியர் ஆகியோரின் அரசர்களே அவர்கள்!

தமிழுக்குள் நுழைந்த ‘யவனர்’ இலக்கண வாயிலில் சற்றே நின்றுதான் வந்தது. தொல்காப்பியம் யகரத்தை ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாக ஒப்பியது. நன்னூலோ அகரம் உள்ளிட்ட ஆறு உயிர்களோடு ஒப்பியது. உரைகாரர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்த சொற்களுள் ‘யவனர்’ முன்னிற்பது என் உள்ளத்தை நிறைக்கிறது. வழக்கு முந்தி நடக்க, விதி பின்வந்து இடந்தருவதன்றோ வளரும் மொழியின் அழகு! இளமையைக் குறிக்கும் ‘யௌவனம்’ ஒலியால் நெருங்கினும் வேரால் வேறு. இரண்டையும் முடிச்சிட வேண்டா.

பொருளும் விரிந்தது. அகநானூற்றில் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் மரக்கலத்தார் யவனர். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் வன்மெய்யர். நெடுநல்வாடையில் பாவைவிளக்குச் செய்த கைவினையர். மேலைக் கடல் கடந்து வந்தவர் கிரேக்கராயினும் உரோமராயினும் அச்சொல் அவர்களைத் தழுவிக்கொண்டது.

பின்னர் அராபியர் வந்தனர். ‘யோனக’ என்ற பாகத வடிவம் ‘சோனக’ எனத் திரிந்து அவர்க்காயிற்று. உயிர் உசிராகவும் முயல் முசலாகவும் நம் நாவில் திரிவதை அறிந்தவர்க்கு யகரச் சகர உறவு புதிதன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘சோனகன் சாவூர்’ என்றொருவர் காணப்படுகிறார்; இன்றும் இலங்கையில் ஓர் இனத்தின் பெயர் ‘இலங்கைச் சோனகர்’. அதே அயோனிய வேர் அரபியில் ‘யூனான்’ ஆகி, கிரேக்க மருத்துவத்தைத் தாங்கி ‘யுனானி’யாய் இங்கு வந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே கோயம்பேடு கடந்து அரும்பாக்கம் வருவோர் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியை அடைவர். அயோனியக் கரையின் பெயர் அங்கே தமிழெழுத்தில் வாழ்கிறது.

ஓரினத்தைப் பிறர் அழைக்கும் பெயர், அவ்விருவரும் எக்கரையில், எவர் நடுநிற்கச் சந்தித்தனர் என்பதற்கான ஆவணம். சொந்தப் பெயரை மீட்டுத் தந்த அவ்விளையாட்டின் உழைப்பைப் போற்றுவோம். கூடவே, பழந்தமிழகத்தை வரைந்து அத்தகைய மோட் ஒன்றை ஆக்க நம் இளைஞர் முன்வரட்டும். அதில் முசிறிக்கு வரும் கலத்தார் ‘யவனர்’ என்றே அழைக்கப்படட்டும்; நூற்றாண்டுகள் நகர, அதே கடல்வழியில் ‘சோனகர்’ வந்து இறங்கட்டும். பெயர்ப்பட்டியலுக்கு வேண்டும் சொற்கள் சங்க நூல்களிலும் நிகண்டுகளிலும் கல்வெட்டுகளிலும் குவிந்து கிடக்கின்றன.